யுகுலேலேயில் முதலில் எந்தச் சுரவரிசை? மாயாமாளவகௌளை, ஹிஜாஸ், மற்றும் இரண்டு மாற்றுகள்

நான்கு தந்திகள் கொண்ட சிறு கிதார் போன்ற யுகுலேலேயை வாங்கி மூன்று நான்கு மாதங்கள் கடந்தவர்களுக்கு ஒரு சலிப்பு வருவது இயல்பு. சி, ஏ மைனர், எஃப், ஜி செவன் ஆகிய நான்கு கார்டுகளும் (சுரங்களை ஒருசேர ஒலிக்கவைக்கும் பிடிகளும்) கைக்குப் பழகிவிட்ட பிறகு, எந்தப் பாட்டை எடுத்தாலும் அதே சிரித்த முகம்தான் தெரிகிறது. இந்த வாத்தியத்துக்கு வேறு குரலே கிடையாதோ என்று தோன்றிவிடுகிறது. அப்போது பலரும் தேடுவது, சற்று மர்மமாக, வேற்றூர் வாசனையோடு ஒலிக்கும் ஒரு சுரவரிசையை. மேற்கத்தியப் பாடநூல்களைப் புரட்டினால் 'அரேபிய ஸ்கேல்', 'பைசாந்திய ஸ்கேல்', 'ஜிப்சி ஸ்கேல்', 'ஜப்பானிய ஸ்கேல்' என்று பெயர்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எதுவும் விரலில் தங்காது என்பதால், முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அந்தப் பெயர்களை நம்பித் தேர்ந்தெடுப்பதில் தமிழ் வாசகருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 'பைசாந்திய ஸ்கேல்' என்றும் 'டபுள் ஹார்மோனிக்' என்றும் அந்நூல்கள் குறிப்பிடுவது வேறொன்றுமில்லை, கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் 15ஆவதான மாயாமாளவகௌளைதான். தொடக்க மாணவர்களுக்கான பாடங்களை இந்த ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. பாட்டு வகுப்பில் பாயில் உட்கார்ந்த முதல் நாளே சரளி வரிசையாகக் காதில் விழுந்த அந்த ஒலிதான், ஹொனலூலுவிலோ லண்டனிலோ இருப்பவருக்குக் கீழை நாட்டு மர்மமாகக் கேட்கிறது. ஆகவே 'எது புதிதாக ஒலிக்கிறது' என்ற அளவுகோல் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். வாத்தியம் மாறாது, அதன் நான்கு தந்திகளும் மாறா. எனவே விரல் வைக்காமல் மீட்டும் திறந்த தந்திகளோடு எந்தச் சுரவரிசை ஒத்துப்போகிறது, அதற்குத் துணையாக எந்தக் கார்டுகள் கிடைக்கின்றன என்ற இரண்டையும் வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

மதேராத் தீவிலிருந்து புறப்பட்ட ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல் 1879 ஆகஸ்ட் 23 அன்று ஹொனலூலுவை அடைந்தபோது, அதில் வந்திறங்கிய போர்த்துகீசிய மரவேலைக்காரர்களில் மூவர் தங்கள் ஊரின் மஷேத் என்ற சிறு நரம்பிசைக் கருவியைத் தழுவிச் செய்ததே யுகுலேலே. இன்று பரவலாக உள்ள சுருதி அமைப்பில், வாசிப்பவரின் முகத்துக்கு அருகிலிருந்து தொடங்கி, ஜி, சி, ஈ, ஏ என்று தந்திகள் வரிசையாக அமைகின்றன. இதில் முதலில் கவனிக்க வேண்டியது ஜி தந்தி. கிதாரைப் போல மேலிருந்து கீழாக ஒலி உயர்ந்துகொண்டே போவதில்லை. மிகத் தாழ்ந்த தந்தி சி, அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜி தந்தியோ ஈ தந்தியைக் காட்டிலும் உயர்ந்தது. இந்தக் குளறுபடியான வரிசைதான் பின்வரும் தேர்வுகளில் ஒன்றுக்குப் பெரும் வரமாக அமைகிறது.

சி தந்தியின் திறந்த ஒலியை ஆதார சுரமான சட்ஜமாகக் (ச) கொள்வோம். கர்நாடக இசைக் கணக்கில் அது ஒரு கட்டைச் சுருதி. இனி, திறந்த தந்தியை 0 என்றும், முதல் ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி, வீணைக்காரர்களின் சொல்லில் மெட்டு) 1 என்றும் எண்ணினால், மாயாமாளவகௌளை இப்படி விழுகிறது: சி தந்தியில் 0, 1 என்பன ச, ரி, ஈ தந்தியில் 0, 1 என்பன க, ம, ஜி தந்தியில் 0, 1 என்பன ப, த, ஏ தந்தியில் 2, 3 என்பன நி, மேல் ச. நான்கு தந்திகள், ஒவ்வொன்றிலும் இரண்டே சுரங்கள். இடக்கை ஏறக்குறைய அசைவதே இல்லை. தேடிப் பார்த்தாலும் வேறொரு மேளகர்த்தா யுகுலேலேயின் மேல் இவ்வளவு ஒழுங்காகப் படிந்து நான் கண்டதில்லை.

இந்த ஒழுங்கு கண்ணுக்கு அழகு என்பதோடு நிற்கவில்லை. மாயாமாளவகௌளையில் அரைச்சுர இடைவெளிகள், அதாவது ஒரே ஒரு ஃபிரெட் தூரமுள்ளவை, நான்கு: ச–ரி, க–ம, ப–த, நி–ச. மேற்சொன்ன அமைப்பில் இந்த நான்கு ஜோடிகளும் தனித்தனித் தந்தியில் அடைபட்டுவிடுகின்றன. ஒரே தந்தியில் இரண்டு சுரங்கள் ஒருசேர ஒலிக்க இயலாது என்பதால், அடுத்தடுத்த அரைச்சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கசப்பதில்லை. மாறாக, தந்திக்குத் தந்தி தாவும் இடங்களில் முந்தைய சுரம் அணையாமல் நின்று அடுத்த சுரத்தோடு கலந்து ஒலிக்கிறது. மேற்கத்தியக் கலைஞர்கள் இந்த வாசிப்பு முறையை மணியோசையோடு ஒப்பிட்டு 'கம்பனெல்லா' என்று அழைக்கிறார்கள். வழக்கமாக அதற்கென்று மெனக்கெட்டு விரலமைப்பு தேட வேண்டியிருக்கும். இங்கே அது கேட்காமலே கிடைக்கிறது.

சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கும் இந்த அமைப்பு ஓரளவு இடம் கொடுக்கிறது. வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்துவது போல நைலான் தந்தியில் செய்ய முயன்றால், விரல் வலிக்குமே தவிர ஒலி அதிகம் ஏறாது. ஆனால் மாயாமாளவகௌளையில் அசைவு பெறும் சுரங்கள் முக்கியமாக ரிஷபமும் தைவதமும். காந்தாரமும் நிஷாதமும் பெரும்பாலும் நிலைத்து நிற்பவை. ரிஷபமும் தைவதமும் நம் அமைப்பில் முதல் ஃபிரெட்டில், திறந்த தந்திக்கு அடுத்த படியில் இருக்கின்றன. விரலைத் தட்டி வைத்து, எடுத்து, மறுபடி தட்டினால் ச–ரி–ச–ரி என்று ஓர் அசைவு உண்டாகிறது. இதைக் கமகம் என்று ஒரு வித்துவான் முன்னால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கமகத்தின் நிழல் என்று சொல்லலாம்.

குறை எங்கே என்றால் கார்டுகளில். இந்தச் சுரவரிசையில் சதுஸ்ருதி ரிஷபமான டி இல்லாததால், சி என்ற ஆதாரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் ஜி மேஜர் கார்டுக்கு இங்கே இடமில்லை. அந்த ஒன்று இல்லாமற்போனால், பழகிய பாட்டுத் துணைவாசிப்பு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். மாற்றாகக் கிடைப்பவை சில உண்டு. ஒவ்வொரு தந்தியிலும் அழுத்தும் ஃபிரெட்டின் எண்ணை ஜி–சி–ஈ–ஏ வரிசையில் எழுதினால், சி மேஜர் 0003. அதை அப்படியே ஒரு ஃபிரெட் நகர்த்தினால் டி ஃபிளாட் மேஜர் 1114. எஃப் மைனர் 1013. ஈ மைனர் 0432. ஜி செவனின் 0212 என்ற பிடியில் சி தந்தியின் விரலை மட்டும் ஒரு படி இறக்கி 0112 ஆக்கினால், சுரவரிசைக்குள்ளேயே அடங்கும் ஒரு பதற்றமான கார்டு கிடைக்கிறது. அதிலிருந்து 0003க்கு வந்து அமரும்போது ஒரு நிறைவு உண்டு. ஆனாலும் 1114 தொடக்கநிலை விரல்களுக்கு எளிதன்று. இன்னொரு கட்டுப்பாடு: ஏ தந்தியின் திறந்த ஒலி இந்தச் சுரவரிசைக்கு அந்நியம். கை தவறி அந்தத் தந்தியைத் திறந்தபடி மீட்டிவிட்டால், சுத்த தைவதத்தின் மேல் சதுஸ்ருதி தைவதம் வந்து விழும்.

அடுத்தது ஹிஜாஸ். அரபு நாடுகளில் மகாம் என்ற பெயரிலும் துருக்கியில் மக்காம் என்ற பெயரிலும் வழங்கும் மரபுகளில் இது முதன்மையான ஒன்று. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையில் 'ஃப்ரேகிஷ்' என்றும், ஜாஸ் பாடங்களில் 'ஃபிரிஜியன் டாமினன்ட்' என்றும் பெயர் மாறி வருவது. பன்னிரு சுரக் கணக்குக்குள் அடக்கினால் இது நம்முடைய 14ஆவது மேளகர்த்தாவான வகுளாபரணம். மாயாமாளவகௌளைக்கு அடுத்த வீடுதான். காகலி நிஷாதத்துக்குப் பதில் அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த கைசிகி நிஷாதம் என்பது ஒன்றே வேறுபாடு. துருக்கிய, அரபுக் கலைஞர்களின் வாசிப்பில் இரண்டாம் சுரம் சற்றே ஏறியும் மூன்றாம் சுரம் சற்றே இறங்கியும் இருப்பதுண்டு. ஃபிரெட் பதித்த யுகுலேலேயால் அந்த நுண்மையைத் தர இயலாது. அது இல்லாமலே கிளெஸ்மர் குழுக்களின் அக்கார்டியனும், சமச்சுருதிக் கருவிகள் பலவும் இந்தச் சுரவரிசையை நன்றாகவே வாசித்து வந்திருக்கின்றன.

ஹிஜாஸுக்கு நான் பரிந்துரைக்கும் சட்ஜம் சி அன்று, ஈ. ஈ தந்தியில் 0, 1, 4. ஏ தந்தியில் 0, 2, 3, 5, 7. இரண்டே தந்திகளில் ஒரு முழு ஸ்தாயி முடிந்துவிடுகிறது. ஈ தந்தியில் 1இலிருந்து 4க்குத் தாவும் அகலமான இடைவெளியே இந்த இசையின் உயிர். கிதாரில் அதே தாவல் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், 35 சென்டிமீட்டர் தந்தி நீளமுள்ள சொப்ரானோ யுகுலேலேயில் சுமார் 5 சென்டிமீட்டர்தான். சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் வைத்துக் குழந்தைகள்கூட எட்டிவிடுவார்கள். ஆனால் ஒரே தந்தியில் அடுத்தடுத்த சுரங்கள் வருவதால், முன் சொன்ன மணியோசைக் கலப்பு இங்கே இல்லை. ஓசை வெட்டி வெட்டி வரும். வேகமான நாட்டுப்புற நடன மெட்டுகளுக்கு அது பொருந்தவும் செய்யும்.

ஹிஜாஸ் உண்மையில் வெல்லும் இடம் கார்டுகள். ஈ செவன் 1202, எஃப் 2010, ஏ மைனர் 2000, டி மைனர் 2210: நான்கும் முதல் மாதத்திலேயே கற்கும் பிடிகள், நான்கும் இந்தச் சுரவரிசைக்கு உள்ளேயே அடங்குபவை. ஈ மேஜர் என்ற பெயரைக் கேட்டாலே யுகுலேலேக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதன் பிடி அவ்வளவு அவஸ்தையானது. வகுளாபரணத்தின் கைசிகி நிஷாதமான டி இருப்பதால், இங்கே ஈ மேஜரைத் தவிர்த்து ஈ செவனையே ஆதாரக் கார்டாக வைத்துக்கொள்ள முடிகிறது. ஈ செவனுக்கும் எஃப்புக்கும் இடையே மாறி மாறி மீட்டினாலே போதும், அறை நிறம் மாறிவிடும். இவற்றோடு ஜி மேஜரைச் சேர்த்து ஏ மைனர், ஜி, எஃப், ஈ செவன் என்று இறங்கினால் ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோவின் புகழ்பெற்ற இறக்கம் கிடைக்கும். அந்த ஜி கார்டில் சாதாரண காந்தாரம் வருவதால் அது கறாரான ஹிஜாஸ் ஆகாது, ஆனால் ஃபிளமெங்கோவில் இரண்டு காந்தாரங்களும் அருகருகே புழங்குவது வழக்கமே.

ஒரே இடத்தில் இரண்டையும் வைத்துப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. முன்பு சொன்ன சி ஆதார அமைப்பில் ஏ தந்தியின் 2க்குப் பதில் 1ஐத் தொட்டால் மாயாமாளவகௌளை வகுளாபரணமாகிவிடும். மற்ற ஏழு இடங்களும் அப்படியே இருக்கும். அதாவது மெட்டு வாசிப்பதற்கு மட்டும் என்றால் இரண்டுக்கும் ஒரே விரலமைப்பு போதும். ஆனால் சி ஆதாரத்தில் ஹிஜாஸுக்குக் கார்டு பிடிக்கப் போனால் பி ஃபிளாட் மைனர் (3111) குறுக்கே வந்து நிற்கும். ஒரு விரலால் மூன்று தந்திகளையும் அழுத்தும் அந்தப் பிடி படியச் சில வாரங்கள் ஆகும். கார்டுக்கு ஈ, மெட்டுக்கு சி என்று நான் பிரிப்பது இதனால்தான்.

மூன்றாவது வேட்பாளர் 'ஹங்கேரிய மைனர்'. நம் கணக்கில் 57ஆவது மேளகர்த்தாவான சிம்மேந்திரமத்யமம். கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது: மாயாமாளவகௌளையின் மத்யமத்தைச் சட்ஜமாக்கினால் வருவது இதுவே. ஆகவே சி ஆதார மாயாமாளவகௌளையைக் கற்றவர், அதே சுரங்களை எஃப்பிலிருந்து தொடங்கினால் இது தானாகக் கையில் இருக்கும். சிக்கல் என்னவென்றால் எஃப் ஒரு திறந்த தந்தி அன்று. பின்னணியில் சுருதியாக ஒலித்துக்கொண்டிருக்க எதுவும் இருக்காது. ஈ ஆதாரத்துக்கு மாற்றினால் ஈ தந்தியில் 0, 2, 3. ஏ தந்தியில் 1, 2, 3, 6, 7 என்று வரும். ஈ மைனர் 0432, பி மேஜர் 4322, சி 0003 என்ற கார்டுகள் சுரவரிசைக்குள் அடங்குகின்றன. ஆதாரத்துக்குத் திருப்பி அனுப்பும் பஞ்சமக் கார்டு இங்கே முறையாகக் கிடைப்பது பெரிய வசதி. இதன் துயரச் சாயல் ஆழமானது, யுகுலேலேயின் மெல்லிய குரலில் அது விசும்பலாகிவிடுகிறது என்பது என் எண்ணம். இரண்டாவதாகக் கற்பதற்கு ஏற்றது, முதலாவதாக அன்று.

ஜப்பானிய வகையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. கோட்டோ என்ற 13 தந்தி வாத்தியத்தின் 'ஹிராஜோஷி' சுருதியமைப்பிலிருந்து வரும் ஐந்து சுரங்களை ஈயிலிருந்து எழுதினால் ஈ, எஃப், ஏ, பி, சி. ஈ தந்தியில் 0, 1. ஏ தந்தியில் 0, 2, 3, 7. ஹிந்துஸ்தானி இசை கேட்பவர்களுக்கு இதே சுரங்கள் குண்கலி ராகத்தை நினைவூட்டும். மேலே சொன்ன ஈ ஆதார ஹிஜாஸிலிருந்து காந்தாரத்தையும் நிஷாதத்தையும் நீக்கினால் எஞ்சுவது இதுதான் என்பதால், ஹிஜாஸுக்குப் போகும் வழியில் முதல் வாரத்துப் பாடமாக இதை வைத்துக்கொள்ளலாம். தவறாகத் தட்டுவதற்கு வாய்ப்பே குறைவு. அரை மணி நேரத்தில் ஏதோ ஒன்று வாசித்த திருப்தி கிடைத்துவிடும், இரண்டு வாரத்தில் அலுத்தும் போகும்.

ஆக, என் தேர்வு இப்படி அமைகிறது. தனியாக மெட்டு வாசிக்க விரும்புபவர், குறிப்பாகச் சிறுவயதில் சிறிதளவேனும் பாட்டு கற்றவர், சி ஆதார மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளட்டும். காது ஏற்கெனவே பழகியிருப்பதால் பிசகு உடனே தெரியும். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று பயிற்சிகள் தயாராக இருக்கின்றன, மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) வாசித்துப் பழக வேறு புத்தகம் தேவையில்லை. 'பழகியது எப்படிப் புதிதாக ஒலிக்கும்' என்று கேட்கலாம். திறந்த தந்திகள் ஒன்றோடொன்று கலந்து மணியோசையாக ஒலிக்கும்போது, பாட்டு வகுப்பில் கேட்ட அதே வரிசை ஹார்ப் வாத்தியத்தில் யாரோ வாசிப்பது போலாகிவிடுகிறது. ஒருமுறை வாசித்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பதில்லை. பிறரோடு சேர்ந்து வாசிப்பவர், பாடுபவருக்கோ வயலினுக்கோ கார்டு பிடிப்பவர், ஈ ஆதார ஹிஜாஸை எடுத்துக்கொள்வதே நல்லது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு நான் முதலாவதையே சொல்வேன்.

இதற்கு ஒரு விலை உண்டு, அது வலக்கையில். மாயாமாளவகௌளை ஏறுவரிசையில் தந்திகளின் வரிசை சி, ஈ, ஜி, ஏ. கட்டைவிரல் ஜிக்கும் சுட்டுவிரல் சிக்கும் நடுவிரல் ஈக்கும் மோதிரவிரல் ஏக்கும் என்று ஒதுக்கினால், ஓசை ஏறும்போது விரல்கள் சுட்டு, நடு, கட்டை, மோதிரம் என்று புரண்டு வரும். முதல் பத்து நாட்கள் கை எங்கே போகிறதென்றே தெரியாது. இடக்கையை விட்டுவிட்டு, நான்கு திறந்த தந்திகளை மட்டும் இந்த வரிசையில், ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு முறை மீட்டிப் பழகிய பின் விரல் வைத்தால் பாதிச் சிரமம் குறையும்.

ஜி தந்தியைத் தாழ்ந்த ஜியாக மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. தடித்த ஒரு தந்தியைப் போட்டு ஜியை ஒரு ஸ்தாயி இறக்கும்போது, ப, த என்பன ஈ தந்தியின் 3, 4க்குப் போய்விடுகின்றன. மணியோசைக் கலப்பு பெரிதும் குறைகிறது. பதிலுக்கு, இறங்கும் வழி திறக்கிறது. உயர்ந்த ஜியில் சட்ஜத்துக்குக் கீழே ஒரு சுரமும் கிடையாது, மந்தர ஸ்தாயி வரிசைகளை வாசிக்கவே முடியாது. தாழ்ந்த ஜியில் 0, 1, 4 என்பன மந்தர ப, த, நி. மேலும், அருகருகே திறந்து கிடக்கும் ஜியும் சியும் தம்புராவின் மந்தர பஞ்சமமும் சட்ஜமுமாக ஆகிவிடுகின்றன. கட்டைவிரலால் அவற்றை மெதுவாக மீட்டிக்கொண்டே ஈ, ஏ தந்திகளில் ராகத்தை விரிக்கலாம். கீர்த்தனைகளைத் தொட வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்களுக்குத் தாழ்ந்த ஜிதான் சரி. மற்றவர்கள், வாங்கும்போது பெரும்பாலும் கூடவே வரும் உயர்ந்த ஜியை மாற்ற வேண்டாம். மாற்றுவதாக இருந்தால், தடித்த தந்திக்கு ஏற்பத் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டு என்ற சிறு பட்டையின் பள்ளத்தைச் சற்று அகலமாக்க வேண்டியிருக்கலாம். அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அளவைப் பொறுத்தவரை சொப்ரானோ, கான்சர்ட், டெனர் மூன்றும் ஒரே சுருதியமைப்பு என்பதால் மேலே சொன்னவை எல்லாம் பொருந்தும். டி–ஜி–பி–ஈ என்று சுருதி கூட்டப்படும் பாரிடோனுக்குப் பொருந்தாது.

கடைசியாக நட்டைப் பற்றி இன்னொன்று. மலிவான யுகுலேலேக்கள் பலவற்றில் நட்டின் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாமல் இருக்கும். அப்படி இருந்தால் முதல் ஃபிரெட்டை அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு, சுரம் ஏறி ஒலிக்கும். சாதாரண சி மேஜர் பாட்டுகளில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். நம் அமைப்பிலோ ரிஷபம், மத்யமம், தைவதம் மூன்றும் முதல் ஃபிரெட்டில்தான் நிற்கின்றன. திறந்த தந்திகளை எவ்வளவு துல்லியமாகச் சுருதி கூட்டினாலும் ரிஷபம் பிசிறடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே தொடங்கும் முன், ட்யூனரை வைத்து சி, ஈ, ஜி தந்திகளின் முதல் ஃபிரெட்டில் டி ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். ஊசி வலப்பக்கம் ஓடினால், நட்டைச் சீர் செய்யும் வரை ஈ ஆதார ஹிஜாஸை வாசித்துக்கொண்டிருக்கலாம். அதன் சுரவரிசையில் முதல் ஃபிரெட் ஒரே ஒரு முறைதான் வருகிறது.